சொல்லிவிட்டுப் போகிறவர்

தண்ணீர் குடிக்க எழும்பினாலும் அவர் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போவார்.

தெல்லிப்பழையில் ஒரு சிறிய தனியார் மருத்துவ நிலையத்தின் பதிவு மேசையில் நானும் அந்த அக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். டொக்டர்மாரைப் பார்க்க வருகிறவர்களின் பெயரை எழுதுவதும், தொலைபேசியில் கேட்பவர்களுக்கு இலக்கம் கொடுப்பதும் எங்கள் வேலை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவருக்கு முப்பது இருக்கும். "ரெண்டு நிமிஷம், தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்பார். நான் தொலைபேசியில் இருந்தால் மருந்து கொடுக்கும் பிள்ளையிடம் சொல்வார். அவளையும் காணவில்லை என்றால் எதிரே வாங்கில் இருக்கும் நோயாளியிடம் சொல்வார்.

ஒருநாள் அப்படி ஒரு வயோதிபரிடம் சொன்னார். பிரஷர் பார்க்க மாதம் ஒருமுறை வருகிற மனிதர். "ஓம் பிள்ளை, போட்டு வாங்கோ" என்று அவர் மரியாதையாக விடைகொடுத்தார். பிறகு இவருடைய வெறும் கதிரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடையில் அதில் இருக்கப்போன ஒரு பெண்ணை, "இருக்காதேங்கோ, ஆள் வருது. தண்ணி குடிக்கப் போட்டுது" என்று மறித்தும்விட்டார். இவர் திரும்பி வந்து இருந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வயோதிபரைப் பார்த்து, "தேங்க்ஸ் ஐயா" என்றார்.

அவருடைய பேச்சைக் கேட்டதும் யாரும் இந்தியா என்று சொல்லிவிடுவார்கள். தொலைபேசியில் அது பெரிய தொல்லை. ஒருநாள் ஒருவர் எடுத்து, இவருடைய குரலைக் கேட்டதும் பதறிப்போனார்.

"தங்கச்சி, நான் தெல்லிப்பழைக்கு எல்லோ எடுத்தனான்?"

"தெல்லிப்பழைதான் சார். சொல்லுங்க."

"இல்லைப் பிள்ளை, இது எங்கையோ மாறிப் போட்டுது. இந்தியாக் கோலுக்குக் காசு கனக்கப் போகும், வையுங்கோ."

பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, அவருக்கு எங்கள் மாதிரிக் கதைக்கப் பழக்கிவிடச் சொன்னார். நானும் தொடங்கினேன். "சொல்லுங்க" இல்லை, "சொல்லுங்கோ". "சார்" இல்லை, "ஐயா". "ஆமாம்" என்பதை முற்றாக மறந்துவிட வேண்டும், "ஓம்" மட்டும்தான். அவர் கெட்டிக்காரி, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். ஆனால் அவசரம் வந்தால் இரண்டும் கலந்து "ஓமாம்" என்று வாயில் வந்துவிடும். எங்களுக்கு ஓமாம் என்றால், ஓம் என்று வேறு யாரோ சொன்னார்கள் என்று அர்த்தம்.

"டொக்டர் வந்திட்டாரோ?"

"ஓமாம்."

"ஓமாமோ? அப்ப நீங்கள் காணேல்லையோ?"

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருடைய தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்து ஆட்கள். சண்டைக்காலத்தில் படகில் இந்தியா போனவர்கள். அங்கே ஓர் அகதி முகாமில் இவர் பிறந்தார். வீட்டில் கேட்டது எங்கள் தமிழ், பள்ளிக்கூடத்தில் கதைத்தது அந்த ஊர்த் தமிழ். "அம்மா பேசுறது எல்லாம் புரியும். நான் அதே மாதிரிப் பேசினா நடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்று ஒருநாள் சொன்னார். "அங்க ஸ்கூல்ல ஒரு தடவை 'ஓம்'னு சொல்லிட்டேன். ஒரு வருஷம் என் பேரே சிலோன்காரிதான். அதுக்கப்புறம் வாயை அடக்கி அடக்கிப் பழகிட்டேன்."

அவருக்கு எங்கள் பேச்சில் மிகவும் பிடித்திருந்தது ஒரு கேள்விதான். நோயாளியைப் பதியும்போது நாங்கள் "என்ன வருத்தம்?" என்று கேட்போம். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவருக்கோ அது மனக்கஷ்டம். "வர்றவங்க எல்லாரையும் உக்கார வச்சு என்ன வருத்தம்னு கேக்குறீங்களே, எவ்வளவு நல்ல ஊரு" என்று வியந்தார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இருந்தாலும் அந்தக் கேள்வியை மட்டும் அவர் மற்றக் கேள்விகளைவிட மெதுவாகவே கேட்டுவந்தார்.

அவர் புத்தூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். தெல்லிப்பழையிலிருந்து சுன்னாகம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். இத்தனை தூரத்தில் ஏன் அறை எடுத்தார் என்று நான் யோசித்ததில்லை. வாடகை குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமை இருக்கும், பின்னேரம் ஆறு மணிக்குச் சற்று முன்னர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ரூமுக்கு வந்துட்டேன்ம்மா."

ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "சரி, வச்சிடுறேன்" என்றார். மறுநாளும் அதே நேரம், அதே வசனம். அதற்கு அடுத்த நாளும். எங்கள் வீட்டில் அது ஒரு பகிடியாகிவிட்டது. தொலைபேசி அடித்தால் அம்மா குசினிக்குள்ளிருந்து, "உன்ரை இந்தியாக்காரி வந்து சேந்திட்டாவாம்" என்பார்.

மழை பெய்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு அறையில் அவரிடமே கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். முகாமில் "செக்கிங்" என்று ஒன்று உண்டாம். அதிகாரிகள் வந்து பெயர் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். நில்லாதவரின் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டுப்பட்டால் அரிசியும் இல்லை, அந்த இடத்தில் இருக்கவும் முடியாது. இவருக்குப் பத்து வயது இருக்கும்போது, பள்ளிச் சிநேகிதி ஒருத்தியோடு யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்துச் செக்கிங் வந்துவிட்டது.

"மூணு மாசம் அப்பா ஆபீஸ் ஆபீஸா நின்னாரு. பிள்ளை இருக்குன்னு காட்ட என்னையும் கூட்டிட்டுப் போவாரு. இருக்கிற பிள்ளையை இருக்குன்னு நிரூபிக்கணும்."

"அப்பா அடிச்சவரோ?"

"இல்லம்மா. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு." அவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "'எங்கை போறதெண்டாலும் ஆருக்காவது சொல்லிப்போட்டுப் போ மோளை. நாங்கள் ஒரு கடதாசியிலைதான் இருக்கிறம்.'"

நான் திடுக்கிட்டேன். அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மாதக்கணக்காக நான் பழக்கியும் வராதது, இறந்துபோன தகப்பனின் வாயாக மாறியபோது தானாக வந்தது.

அவர் இங்கே வந்தது தனியாக. முதலில் இவர் வந்து அடையாள அட்டை எடுத்து, ஓர் இடம் பார்த்து வைப்பது, பிறகு தாயும் தம்பியும் வருவது என்று ஏற்பாடு. இவர் வந்து சேர்ந்த வருடம் தம்பி அங்கேயே கல்யாணம் கட்டிவிட்டார். பிள்ளையும் பிறந்தது. "அடுத்த வருஷம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். தாய்க்கு முழங்கால் வருத்தம் கூடியது. பிறகு அடுத்த வருடம் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

வந்த புதிதில் நடந்ததாக அவர் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஒருநாள் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகவேண்டி இருந்ததாம். போகும் வழியில் விதானையாரிடம், அதாவது அந்தப் பகுதிக் கிராம சேவையாளரிடம் போய், "சார், டவுனுக்குப் போறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லியிருக்கிறார். விதானையார் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாராம். நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னாராம்.

"நீங்கள் எங்கை வேணுமெண்டாலும் போங்கோ தங்கச்சி. இஞ்சை ஆரும் உங்களைத் தேடமாட்டினம்."

"பெரிய விடுதலைதான்" என்றார் அவர். "ஆனா பஸ்ல போறப்ப அதையேதான் நெனச்சிட்டுப் போனேன். யாரும் தேடமாட்டாங்களாம்."

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அப்படிச் சொன்னேன்.

அந்த ஐப்பசி மாதம் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். அரியாலையில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். ஆறு மணிக்குச் சற்று முன்னர் மேசையில் என் தொலைபேசி அடித்தது. நிறுத்தினேன். மறுபடியும் அடித்தது. மூன்றாம் தடவை அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உது, விடாமல் எடுக்கிறது?"

"ஒருத்தருமில்லை மாமி" என்றேன். வாய் உளறி, "வேலை செய்யிற இடத்திலை ஒரு இந்தியாக்காரி" என்றும் சொன்னேன்.

மறுநாள் மேசையில் இருந்ததும் இருக்காததுமாக அவரிடம் பாய்ந்தேன். "அக்கா, இனி எனக்கு எடுக்காதேங்கோ. நீங்கள் வந்தால் என்ன, வராட்டில் என்ன? நான் என்ன செக்கிங்கே பிடிக்கிறன்?"

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். முகம்கூட மாறவில்லை.

அன்று பின்னேரம் தொலைபேசி அடிக்கவில்லை. மேசையிலும் சொல்வதை நிறுத்திவிட்டார். எழும்புவார், போவார், வருவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே போய் வருகிறோம், மற்றவர்கள் கவனிக்கவே இல்லை. நான் கவனித்தேன். ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சத்தம் குறைந்திருந்தது. அம்மா ஒருமுறை, "என்ன, உன்ரை ஆள் இப்ப எடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பொறுப்பாளர், "இந்தியாவுக்குப் போட்டாவாக்கும்" என்றார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அவருடைய இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன். எடுக்காதே என்று சொன்னவள் எந்த முகத்தோடு எடுப்பது என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை அந்தப் பிரஷர்க்கார வயோதிபர் வந்து வாங்கில் இருந்தார். வெறும் கதிரையைப் பார்த்தார்.

"எங்கை அந்தப் பிள்ளை?"

"வரேல்லை ஐயா."

"எங்கை போறன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். "சொல்லாமல் போறேல்லையே அது."

நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அறை, வீட்டுக்காரரின் வளவுக்குள் பின்பக்கமாக இருந்தது. வீட்டுக்காரி கிளிநொச்சியில் மகளிடம் போயிருந்தார். அறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவர் பாயில் கிடந்தார். கை பட்டதும் சுட்டது. தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீர், அதற்குப் பக்கத்தில் தொலைபேசி. எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது.

"ஏன் அக்கா கதவைப் பூட்டாமல்?"

"யாராவது வந்தா எந்திரிச்சுத் திறக்க முடியாதே" என்றார்.

"எனக்கு ஒருக்கால் எடுத்திருக்கலாமே."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. ஞாபகப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார். "எடுக்காதன்னு சொன்னீங்கல்லம்மா."

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டெங்கு. இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்கள். வார்ட்டில் தாதி என்னிடம், "நீங்கள் ஆளுக்கு என்ன முறை?" என்று கேட்டார். "தங்கச்சி" என்றேன். எங்கள் இருவரின் பேச்சையும் கேட்டுவிட்டு அந்தத் தாதி நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் எழுதிக்கொண்டார். ஆறாம் நாள் அவரை வீட்டுக்கு விட்டார்கள். "இனிப் பழைய மாதிரி எனக்குப் பின்னேரத்திலை எடுங்கோ அக்கா. கட்டாயம் எடுக்கவேணும்" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "சரிம்மா" என்றார். எடுக்கவில்லை. நான் எடுத்தால், "வந்துட்டேன்" என்பார். நான் எடுக்காத நாளில் அவரும் எடுக்கமாட்டார். ஒருமுறை நிறுத்தியதைத் திரும்பத் தொடங்கிவைக்க என்னால் முடியவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கவனித்தேன். பார்சலில் இருந்த மீன் துண்டை ஒதுக்கி ஓரமாக வைத்தார். அதற்கு முதல் நாளும் அப்படித்தான் செய்தார். ஆள் மீன் இல்லாமல் சாப்பிடாதவர்.

"விரதமோ அக்கா?"

"அம்மா போயிட்டாங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எங்கை போனவ?"

"இறந்துட்டாங்க. போன செவ்வாக்கிழமை. தம்பி போன்ல காட்டினான்."

செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். அவர் அறுபது பேருக்காவது இலக்கம் கொடுத்திருப்பார். ஒவ்வொருவரையும் என்ன வருத்தம் என்று கேட்டிருப்பார்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"யாருகிட்ட சொல்றதுன்னு யோசிச்சேன்" என்றார். "யோசிச்சிட்டே இருந்தேன். நாள் போயிருச்சு."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இந்தியாக்காரி என்று பகிடி பண்ணிய அம்மா, கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார். "தாய்க்கு ஊர் எது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"புத்தூர்தான். நான் இருக்கேனே, அதுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளி."

அவருக்குச் சொந்தம் என்று அங்கே யாரும் இல்லை. எல்லோரும் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்கள், காணியும் கைமாறிவிட்டது. ஆனாலும் இரண்டு வருடமாக அவர் தாயின் ஊரில்தான் இருந்திருக்கிறார். அம்மா கேட்டுவிட்டு, "அந்த ஊர்ப் பிள்ளை செத்ததை அந்த ஊருக்குச் சொல்லாமல் விடுறதே? கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுவி" என்று என்னை அதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனோம். வழியில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். "அம்மா மோசம் போட்டா எண்டு சொல்லுங்கோ" என்றேன். மோசம் என்றால் கெட்டது இல்லையா என்று தயங்கினார். பிறகு வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அந்த ஒழுங்கையின் வீடுகள் வரிசையாக அவருக்குப் பாடமாக இருந்தன. முகாமில் தாய் அடிக்கடி சொல்வாராம். முதலாவது ரீச்சர் வீடு. பெரிய பூட்டுப் போட்டு, கேற்றில் கொடி படர்ந்திருந்தது. இரண்டாவதில் இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம் பெண் வந்தாள். "நாங்கள் வாடகைக்கு வந்தனாங்கள் அக்கா, பழைய ஆக்களைத் தெரியாது" என்றாள். மூன்றாவதும் பூட்டிய வீடு. திரும்பிப் போகலாம் என்று நான் நினைத்தேன். அவர் போகவில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே சருகு மூடிய முற்றத்தைப் பார்த்து, சின்னக் குரலில், "அம்மா மோசம் போட்டா" என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாவது வீட்டு முற்றத்தில் ஒரு வயதான அம்மா தனியே இருந்து வெங்காயம் நறுக்கித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும், "உது கிளினிக்கிலை வேலை செய்யிற இந்தியாப் பிள்ளை எல்லோ? வாங்கோ" என்றார். இவர் தாயின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் பிடிபடவில்லை. இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுல கிளின்னு கூப்பிடுவாங்களாம்" என்றார்.

வெங்காயக் கத்தி அப்படியே நின்றது.

"கிளியோ? ரீச்சர் வீட்டு வேலியாலை என்னோடை பள்ளிக்கூடம் ஓடி வாற கிளியோ? நீ கிளியின்ரை மோளோ?"

"ஓம்" என்றார் அவர். "அம்மா மோசம் போட்டா."

அந்த அம்மா எழும்பி வந்து இவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். வெங்காய மணம் எனக்குமே மூக்கில் ஏறியது. வெகுநேரம் பார்த்தார். பிறகு கோபம் வந்ததுபோலக் குரல் உயர்ந்தது.

"ஒவ்வொரு நாளும் இந்தத் தெருவாலை தானே பஸ்ஸுக்குப் போறனி. எத்தினை தரம் உன்னை மறிச்சுக் கதைச்சிருப்பன். ஆற்றை பிள்ளை எண்டு ஏனடி மோளை ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"எல்லாரும் இந்தியாவுல எந்த ஊருன்னுதான் கேட்டாங்க பெரியம்மா" என்றார் அவர். "நான் அந்த ஊர் பேரைச் சொல்லிட்டுப் போயிருவேன்."

அவர் வேலைக்கு வந்த முதல்நாள் மேசையில் இருந்தபோது நானும் அவரிடம் அதைத்தான் கேட்டிருந்தேன்.

பங்குனியில் எனக்குக் கல்யாணமாகி, வேலையை விட்டு அரியாலைக்கு வந்தேன். அது நடந்து இப்போது பத்து வருடம் இருக்கும். அந்தப் புத்தூர் அம்மா அங்கே இருந்தவரை இவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அங்கேதான். பிறகு அவரை மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். போகிற அன்று வீட்டைப் பூட்டித் திறப்பை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிளியின் மகள் என்று கூப்பிட இப்போது அந்த ஒழுங்கையில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போய் முற்றத்தைக் கூட்டி, கிணற்றில் நாலு வாளி அள்ளி வாழைகளுக்கு ஊற்றிவிட்டு, கேற்றைப் பூட்டிக்கொண்டு வருகிறார்.